விழுந்த மரமும் பழைய உத்திரமும்: வீணாகும் மரத்தில் கைவினை செய்யத் தொடங்குவோருக்கு

2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் கடலூர், பண்ருட்டிப் பகுதியின் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் சாலையோர நிழல்மரங்களை வேரோடு பெயர்த்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வந்த கஜா புயல் நாகப்பட்டினம் முதல் புதுக்கோட்டை வரை தென்னையையும் மாவையும் பலாவையும் விட்டுவைக்கவில்லை. புயல் இல்லாத ஆண்டுகளிலும் சாலை அகலப்படுத்தல், வீடு இடிப்பு, கிளை கழித்தல் என்று ஏதேனும் ஒரு காரணத்தால் நம் ஊர்களில் மரம் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. அப்படி விழுபவை வழக்கமாகச் செங்கல் சூளைக்கோ விறகுக்கடைக்கோ போகின்றன. அவற்றிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்து, வீட்டின் பின்கட்டில் வைத்துக் கரண்டியாகவோ சுவர்ச் சிற்பமாகவோ செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் உளியைப் பற்றியும் செதுக்கும் முறையைப் பற்றியுமே முதலில் கேட்கிறார்கள். என் கருத்தில் அது பிற்பாதி வேலை. எந்த மரத்தை எடுக்கிறோம், அதை எப்படி அறுக்கிறோம், எவ்வளவு பொறுமையாக உலர்த்துகிறோம் என்பவற்றிலேயே செய்த பொருள் நிலைக்குமா வெடிக்குமா என்பது தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே உளி இந்தக் கட்டுரையில் சற்றுத் தாமதமாகத்தான் வரும்.

கிடைக்கும் மரம் இரண்டு வகை

வீணாகும் மரம் என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு வேறு பொருள்கள். ஒன்று, நேற்று விழுந்த பச்சை மரம். மற்றொன்று, இடித்த வீட்டிலிருந்து வரும் உத்திரம், நிலைக்கால், கதவுப் பலகை, கை மரம் போன்ற பழைய மரம். பச்சை மரத்தில் ஈரமும் வெடிப்பும்தான் சிக்கல். பழைய மரத்தில் ஈரம் எப்போதோ வற்றிவிட்டது. ஆனால் ஆணியும் பெயின்டும் பழைய பூச்சி அரிப்பும் இருக்கும்.

பழைய மரத்தின் அருமையை நம் கைவினைஞர்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். தஞ்சாவூர் மாவட்டம் நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்கிறவர்கள், பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மர உத்திரங்களைத் தேடி வாங்கித்தான் கடைகிறார்கள். பல பத்தாண்டுகள் கூரைக்கடியில் இருந்து ஈரம் முற்றிலும் வற்றி, இனி அசையாது என்ற நிலைக்கு வந்த மரம் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. அந்த நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. செதுக்கு வேலையை முதன்முதலில் கற்றுக்கொள்கிறவருக்கும் பழைய மரமே ஏற்றது, ஏனெனில் உலர்த்துவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பழைய மரம் மரவாடிகளிலும், கட்டடம் இடிக்கும் ஒப்பந்தக்காரர்களிடமும், பழைய சாமான் கடைகளிலும் கிடைக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் கதவு, தூண், நிலை எல்லாம் விற்பனைக்கு வருகின்றன. அங்கே போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வேலைப்பாடுள்ள கதவோ முகப்பு உத்திரமோ முழுமையாகக் கிடைத்தால் அதை அறுக்காதீர்கள். அதை அப்படியே வாங்கிப் பாதுகாக்க ஒருவர் எங்காவது இருப்பார். நமக்கு வேண்டியது உடைந்த சட்டமும் செல்லரித்து ஓரம் போன பலகையுமே; அவை மலிவாகவும் கிடைக்கும்.

மரம் யாருடையது என்று முதலில் கேளுங்கள்

சாலையோரத்தில் விழுந்து கிடப்பதால் ஒரு மரம் யாருக்கும் சொந்தமில்லாதது ஆகிவிடாது. நெடுஞ்சாலை ஓர மரம் அந்தத் துறைக்கும், தெரு மரம் உள்ளாட்சிக்கும், ஏரிக்கரை மரமும் புறம்போக்கு மரமும் அரசுக்கும் உரியவை. இவை முறைப்படி ஏலத்துக்கு வரும். கிராம நிர்வாக அலுவலரிடமோ பேரூராட்சி, நகராட்சி அலுவலகத்திலோ கேட்டால் விவரம் தெரியும். ஏலம் எடுத்தவரிடம் ஒரு கிளையையோ அடிக்கட்டைத் துண்டையோ விலைக்குக் கேட்பதே எளிய வழி, ஏனெனில் அவருக்கு நேரான நடுமரம்தான் முக்கியம். நமக்கு வேண்டிய கவட்டையும் முண்டும் அவருக்கு வெறும் விறகு. பட்டா நிலத்தில் விழுந்த மரமானால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

சந்தனம், செம்மரம், தோதகத்தி (ஈட்டி) ஆகிய மூன்றையும் சொந்தத் தோட்டத்திலேயே விழுந்து கிடந்தாலும் வனத்துறையிடம் கேட்காமல் தொட வேண்டாம். தேக்கைப் பொறுத்தவரையிலும், வண்டியில் ஏற்றும் முன் அனுமதி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மரம் எதற்கு

மரத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் நிறம் அடர்ந்த வைரமும் சுற்றிலும் வெளிறிய வெள்ளைப் பகுதியும் தெரியும். வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து இருப்பதால் வண்டு முதலில் அதைத்தான் துளைக்கும். நிலைத்து நிற்க வேண்டிய பொருளை வைரத்தில் செய்ய வேண்டும். அழகுக்காக வெள்ளையை ஓரத்தில் விட்டுவைத்தால் பூச்சித் தடுப்பு கட்டாயம்.

தொடக்கத்துக்கு நான் பரிந்துரைப்பது பூவரசு. ஊருக்கு ஊர் வேலியோரம் நிற்பது, சாக்லேட் நிறத்தில் ஊதாச் சாயை ஓடும் வைரம் கொண்டது, உளிக்கு இணங்கி வருவது. பசிபிக் பெருங்கடலின் ஹவாய்த் தீவுகளில் இதே மரம் மிலோ என்ற பெயரில் உணவுக் கிண்ணங்கள் குடையப் பயன்பட்டு வந்திருக்கிறது. நாமோ அதை நுணா, கிளுவையோடு சேர்த்து வேலிக்கால் என்ற அளவில் நிறுத்திவிட்டோம்.

வேம்பு செதுக்க ஏற்றது, பூச்சியும் எளிதில் அண்டாது. ஆனால் அதன் இழை ஓரிடத்தில் இப்படியும் அடுத்த இடத்தில் எதிராகவும் ஓடுவதால் உளி கூர்மையாக இல்லாவிட்டால் பிசிறு கிளம்பும். பலா மஞ்சளாக இருந்து ஆண்டுகள் போகப்போகப் பழுப்பேறும்; வீணையும் மிருதங்கமும் அதில்தான் உருவாகின்றன. மா இலகுவானது, எங்கும் கிடைப்பது. ஆனால் அறுத்த சில நாட்களிலேயே பூஞ்சைக் கறை பிடிக்கும், வண்டும் விரைவில் வரும். அந்தக் கறையின் கருநீலக் கோடுகளையே சிலர் அழகாகக் கருதி விட்டுவைக்கிறார்கள். மரம் உறுதியாக இருக்கும்வரை அதில் தவறில்லை. நகத்தால் அழுத்தினால் அமுங்கும் நிலைக்குப் போய்விட்டால் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

புளியின் வைரம் உலக்கைக்கும் கறிக்கடைக் கட்டைக்கும் போகும் அளவுக்குக் கடினமானது. புதியவரின் உளி அதில் வாய் மடங்கும். அதை உங்கள் கொட்டாப்புளிக்கு, அதாவது உளியைத் தட்டும் மரச்சுத்தியலுக்கு, வைத்துக்கொள்ளுங்கள். வாகையின் வைரம் அழகாக இருந்தாலும், அதன் தூள் மூக்கில் ஏறினால் அடுக்கடுக்காகத் தும்மல் வரும். தூங்குமூஞ்சி மரம் அகன்ற பலகை தரும், உலரும்போது அதிகம் சுருங்காது. தட்டு, தாம்பாளம் குடைய மிக ஏற்றது. தென்னையிலும் பனையிலும் வெளிப்புறம் மட்டுமே கடினம், உள்ளே நார்ச்சோறு. கைக்குள் சிலாம்பு ஏற்றுவதில் பனைக்கு நிகரில்லை. இவ்விரண்டையும் கை தேர்ந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

சீமைக்கருவேல மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை அகற்றும்படி நீதிமன்ற உத்தரவுகளே வந்திருக்கின்றன. இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் அது கரிமூட்டத்துக்குத்தான் போகிறது. ஆனால் தடித்த அடிக்கட்டை கிடைத்தால், உள்ளே செம்பழுப்பு நிறத்தில் மிக உறுதியான வைரம் இருக்கும். உலரும்போது மற்ற மரங்களைவிட மிகக் குறைவாகவே சுருங்குவதால் வெடிப்பும் குறைவு. நீளமான பலகை கிடைக்காது என்பதுதான் குறை. திறவுகோல் மாட்டி, சிறு பெட்டி, கைப்பிடி, மெழுகுவத்தித் தாங்கி போன்ற கையடக்கப் பொருள்களுக்கு இதைவிட மலிவான நல்ல மரம் நம்மிடம் வேறில்லை என்பேன். முள் குத்தினால் சீழ் பிடிக்கும் என்பதால் கிளையைக் கழித்த பிறகே கையில் எடுக்க வேண்டும்.

தொடக்கூடாத மரங்களும் உண்டு. பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வை பாதிக்கும். அரளி, எட்டி ஆகியவற்றில் உணவு படும் எந்தப் பொருளும் செய்யக்கூடாது. பழைய ரயில் தண்டவாளக் கட்டைகள் கண்ணைக் கவரும் கருமையுடன் கிடைக்கும். அவற்றில் ஊறியிருக்கும் கிரியோசோட் எண்ணெய் நச்சுத்தன்மை உடையது என்பதால் வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்கு ஆகாது.

பச்சை மரத்தை அறுத்து உலர்த்துதல்

பச்சை மரத்தின் ஈரம் இரண்டு விதமாக இருக்கிறது. இழைகளின் உள்ளறைகளில் தேங்கியிருக்கும் நீர் முதலில் வெளியேறும். அதனால் எடை குறையுமே தவிர மரம் சுருங்காது. ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் இழைகளின் சுவர்களில் பிடித்திருந்த நீர் வெளியேறத் தொடங்கி மரம் சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. நீளவாக்கில் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஓரளவு சுருங்கும். வளையத்தை ஒட்டிச் சுற்றுவாக்கில் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கும். சுற்றளவு அதிகமாகவும் ஆரம் குறைவாகவும் சுருங்க முயல்வதால்தான், முழு வட்டமாக அறுத்து வைத்த மரத்துண்டு சில வாரங்களில் பட்டையிலிருந்து மையம் வரை ஆப்பு வடிவில் வெடிக்கிறது. இணையத்தில் காணும் வட்டக் கடிகாரங்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இதைப் புரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும்.

ஆகவே முதல் விதி, கட்டையை அதன் மையத்தின் வழியே நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். சிறு கட்டையைக் கோடரியும் ஆப்பும் கொண்டு வீட்டிலேயே பிளக்கலாம். பெரியதை அறுவை மில்லுக்குக் கொண்டு போனால் பலகையாக அறுத்துத் தருவார்கள். மையத்தை ஒட்டிய ஒரு அங்குலம் அகலப் பகுதியை நீக்கிவிடச் சொல்லுங்கள். தேவையான நீளத்தைவிட இரு முனையிலும் 3 அங்குலம் கூடுதலாக விடுங்கள், ஏனெனில் முனைகள் எப்படியும் சிறிது வெடிக்கும். ஓர் அங்குலத்தில் முடிக்க வேண்டிய பலகையை ஒன்றேகால் அங்குலமாக அறுக்க வேண்டும்.

இரண்டாம் விதி, அறுத்த அன்றே முனைகளை அடைக்க வேண்டும். மரத்தின் நீர் பக்கங்களைவிட முனை வழியாகப் பல மடங்கு வேகமாக வெளியேறுகிறது. உருக்கிய மெழுகு சிறந்தது. இல்லையென்றால் மீதமான எனாமல் பெயின்டையோ ஃபெவிகாலையோ இரண்டு பூச்சாகப் பூசலாம். நாளைக்குப் பூசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் ஏப்ரல், மே வெயிலில் ஒரே பகலில் மயிரிழை வெடிப்புகள் தோன்றிவிடும்.

அடுத்து அடுக்குதல். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் செங்கல்லோ சிமென்ட் கல்லோ வைத்து, மழையும் நேர்வெயிலும் படாத, ஆனால் காற்று தாராளமாக ஓடும் இடத்தில் பலகைகளை அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் முக்கால் அங்குலத் தடிமனுள்ள உலர்ந்த குச்சிச் சட்டங்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாக, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் வருமாறு வையுங்கள். சட்டங்கள் முன்பின்னாக இருந்தால் பலகை அந்தந்த இடத்தில் வளைந்தே காயும். அடுக்கின் உச்சியில் பழைய அம்மிக்கல் போன்ற கனமான பொருளை ஏற்றி வைத்தால் மேல் பலகைகள் முறுக்கிக்கொள்ளாது.

எவ்வளவு காலம் ஆகும்? மரத்தின் இனத்தையும் ஊரின் காற்றையும் பொறுத்தது. நம் சூழலில் ஓர் அங்குலப் பலகைக்கு நான்கு முதல் ஆறு மாதம், இரண்டு அங்குலத்துக்கு ஓராண்டோ அதற்கு மேலோ என்று எண்ணிக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உலர்தல் ஏறக்குறைய நின்றேவிடும்; கடலோர ஊர்களில் ஈரம் வாங்கவும் செய்யும். உலர்ந்ததா என்பதைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது. ஊசி முனையுள்ள ஈரமானி ஒன்று வாங்கலாம். அது இல்லாதவர்கள் பலகையின் நடுவிலிருந்து சிறு துண்டு வெட்டி, சமையலறைத் தராசில் எடை பார்த்து, 100 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அடுப்புப் பெட்டியில் (ஓவன்) எடை மேலும் குறையாத வரை வைத்து, மீண்டும் எடை பார்க்கலாம். முதலில் 130 கிராம் இருந்த துண்டு 100 கிராமில் நின்றால், இழந்த 30 கிராமை உலர்ந்த எடையால் வகுக்க, ஈரம் 30 சதவீதம். 12 சதவீதத்தை ஒட்டி வரும்போது வேலையைத் தொடங்கலாம். குளிர்சாதன அறைக்குப் போக வேண்டிய பொருளானால் அதற்கும் கீழே இறங்க வேண்டும். அந்த அறையிலேயே இரண்டு வாரம் வைத்துப் பிறகு செதுக்குவது எளிய வழி.

பூச்சி, ஆணி, பெயின்ட்

குண்டூசித் தலை அளவு துளைகளும் அவற்றின் அடியில் புதிய மாவும் இருந்தால் உள்ளே வண்டுப் புழு உயிரோடு இருக்கிறது. சிறு பலகைகளைக் கருப்புப் பாலித்தீன் உறையில் இறுகக் கட்டிக் கோடை வெயிலில் பல நாட்கள் வைத்தால் உள்ளே உண்டாகும் வெப்பம் அவற்றைக் கொல்லும். ஏற்கெனவே உலர்ந்த மரத்துக்கு மட்டுமே இந்த முறை. தடுப்புக்கு, ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெண்காரமும் (போராக்ஸ்) 40 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, தூரிகையால் இரண்டு மூன்று முறை பூசிக் காயவிடலாம். கையுறை அணியுங்கள். கரண்டிக்கும் தட்டுக்கும் இந்தக் கரைசலைப் பயன்படுத்தவே கூடாது.

பழைய மரத்தில் தலை ஒடிந்த ஆணி உள்ளே புதைந்திருக்கும். வலுவான காந்தத் துண்டை ஒரு நூலில் கட்டிப் பலகையின் மேல் மெதுவாக நகர்த்தினால் ஆணி இருக்கும் இடத்தில் அது இழுபடும். மரத்தில் கருநீலக் கறை தெரிந்தால் அதன் அடியில் இரும்பு இருக்கிறது என்றே கொள்ளலாம். ஆணியை எடுத்தாலும் கறை போகாது. அதைச் சிற்பத்தின் குழிவான பகுதிக்குள் வருமாறு வரைபடத்தை நகர்த்துவதே அறிவுடைமை.

பழைய பெயின்டை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவை பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவு, ஜன்னல் எதிலும் ஈயம் இருக்கலாம் என்றே எண்ணி, நீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டி, சுரண்டியதைத் தாளில் திரட்டி அப்புறப்படுத்த வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

கருவிகள்

பெரிய பெட்டி நிறைய உளி வாங்கத் தேவையில்லை. அரை அங்குலப் பட்டை உளி ஒன்று, கால் அங்குலப் பட்டை உளி ஒன்று, வளைந்த வாயுள்ள குடைவு உளி இரண்டு, கொட்டாப்புளி, கை ரம்பம், இழைப்புளி, நல்ல கத்தி, பலகையை மேசையோடு இறுக்கும் இரண்டு கிளாம்ப், ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் மென்மையும் கொண்ட எண்ணெய்க்கல் ஆகியவை போதும். பிளந்த கட்டையைப் பருவெட்டாகச் செதுக்கிக் குறைக்க, வாய் குறுக்காக அமைந்த சிறு கோடரி போன்ற வாய்ச்சி மிக உதவும். பழைய இரும்புக்கடையில் கிடைத்தால் விடாதீர்கள்.

கடையில் வாங்கிய உளி தீட்டப்பட்டு வருவதில்லை. அதன் தட்டையான முதுகை முதலில் கல்லில் படிய வைத்து, முனையை ஒட்டிய பகுதி கண்ணாடிபோல் ஆகும்வரை தேய்க்க வேண்டும். பிறகு சரிவுப் பக்கத்தை 25 டிகிரி கோணத்தில் வைத்து, மறுபக்கம் மெல்லிய மடிப்பு விரலில் தட்டுப்படும்வரை தீட்டி, முதுகை ஒருமுறை படிய இழுத்து அந்த மடிப்பை நீக்க வேண்டும். இறுதியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுத்துப் பதமாக்கலாம். மென்மரத் துண்டின் குறுக்குமுனையைச் சீவிப் பாருங்கள்: வெட்டிய இடம் பளபளத்தால் உளி தயார், பொடியாக உதிர்ந்தால் மீண்டும் கல்லுக்குப் போக வேண்டும். வேலை நடுவில் அரைமணி நேரத்துக்கு ஒருமுறை பெல்ட்டில் இழுப்பது வழக்கமாகிவிட வேண்டும்.

காயங்கள் அதிகம் நேர்வது மழுங்கிய உளியால்தான், ஏனெனில் அதைத் தள்ள மிகுந்த பலம் வேண்டியிருக்கிறது, பலத்தோடு வழுக்கும்போது அது எங்கே போகும் என்று தெரியாது. மரத்தைக் கிளாம்பில் இறுக்கிவிட்டு, இரண்டு கைகளும் உளியின் வாய்க்குப் பின்னால் இருக்குமாறு பிடித்தே வேலை செய்யுங்கள்.

முதல் வேலை: பச்சைப் பூவரசில் ஒரு கரண்டி

உலர்த்தும் காலத்தில் சும்மா இருக்க வேண்டியதில்லை. பச்சை மரத்திலேயே செய்யக்கூடிய பொருள் கரண்டி. மெல்லியதாக இருப்பதால் வெடிக்காமல் உலரும். 4 அங்குலக் கனமும் ஓரடி நீளமும் உள்ள முடிச்சில்லாத பூவரசுக் கிளையை இரண்டாகப் பிளந்து, மையப் பகுதியைச் சீவி நீக்குங்கள். பிளந்த முகத்தில் கரண்டியின் உருவத்தைப் பென்சிலால் வரையுங்கள். கைப்பிடியின் இரு பக்கமும் கோட்டுக்குச் சற்று வெளியே நின்று வாய்ச்சியால் குறைத்து, பிறகு கத்தியால் கோட்டுக்கு வாருங்கள். குழியை வெளி உருவத்துக்குப் பின்புதான் குடைய வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். கட்டை இன்னும் பருமனாக இருந்து கிளாம்பில் உறுதியாக நிற்கும்போதே குழியைக் குடைந்துவிடுவது புதியவருக்குப் பாதுகாப்பு. குழியின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, இழைக்குக் குறுக்காகக் குடையுங்கள். சுவர் எங்கும் கால் அங்குலக் கனத்தில் ஒரே சீராக இருக்கட்டும். ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருந்தால் சேருமிடத்தில் வெடிக்கும்.

பருவெட்டு முடிந்ததும் செய்தித்தாளில் சுற்றி, காற்றோட்டமில்லாத அலமாரியில் இரண்டு வாரம் வையுங்கள். முதல் சில நாட்கள் தாளை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்தபின் கூரிய கத்தியால் மெல்லிய சீவல்களாகச் சீவி இறுதி வடிவத்துக்குக் கொண்டு வாருங்கள்.

இரண்டாம் வேலை: பழைய கதவுப் பலகையில் புடைப்புச் சிற்பம்

ஓரடிக்கு 8 அங்குலம் அளவில், ஓர் அங்குலக் கனத்துக்குக் குறையாத பழைய தேக்கு அல்லது வேம்புப் பலகை போதும். வடிவத்தை முடிவு செய்யும் முன் பலகையை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். மறைந்திருந்த இழை ஓட்டமும் முடிச்சும் ஆணித்துளையும் அப்போது தெளிவாகத் தெரியும். வரைபடத்தை முன்பே தீர்மானித்துக்கொண்டு மரத்தைத் தேடுவது புதுமரத்தில் சரி. பழைய மரத்தில் பலகை எங்கே அனுமதிக்கிறதோ அங்கேதான் உருவம் அமைய வேண்டும்.

முதல் சிற்பத்துக்குத் தெய்வ உருவம் வேண்டாம். முகம் கடினம், தவறினால் மனம் நோகும். பூவரசு இலை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்: இதய வடிவம், தெளிவான நடு நரம்பு, சிக்கலற்ற விளிம்பு. நடு நரம்பு மரத்தின் இழையோடு ஒரே திசையில் போகுமாறு கார்பன் தாள் வைத்துப் படியெடுங்கள்.

கோட்டுக்கு வெளியே ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இடைவெளி விட்டு, சுற்றிலும் சாய்வான வெட்டுகளால் சிறு வாய்க்கால் எடுங்கள். அதன்பின் உளியைச் செங்குத்தாகக் கோட்டில் நிறுத்திக் கொட்டாப்புளியால் மென்மையாகத் தட்டி இறக்குங்கள். வாய்க்கால் முன்பே இருப்பதால் மரம் அந்தப் பக்கம் நெகிழ்ந்து கொடுக்கும், இலையின் விளிம்பு பிய்ந்து வராது. ஒரே மூச்சில் ஆழமாக இறக்க வேண்டாம். கால் அங்குலத்தில் பாதி இறக்கி, பின்னணித் தளத்தை அந்த ஆழத்துக்குச் சீவி, மீண்டும் இறக்கி, மீண்டும் சீவி, ஏறத்தாழ ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு ஆழம் வரை போனால் போதும். ஒரு குச்சியில் அந்த ஆழத்தைக் குறித்து வைத்து அவ்வப்போது அளந்தால் தளம் சமமாக அமையும்.

இனி இலையை உருட்ட வேண்டும். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். இலையின் மிக அகன்ற இடத்திலிருந்து நுனியை நோக்கிச் சீவினால் உளி வழுவழுப்பாக ஓடும். நுனியிலிருந்து அகன்ற இடத்தை நோக்கிச் சீவினால் உளி இழைக்குள் நுழைந்து சிலாம்பு கிளப்பும். காம்புப் பக்கமும் அப்படியே, அகன்ற இடத்திலிருந்து காம்பை நோக்கித்தான் போக வேண்டும். எந்த வளைவிலும், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு என்று நினைவில் வைத்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இழை கிளம்புகிறது என்று உணர்ந்த அந்தக் கணமே நிறுத்தி, எதிர்த் திசையிலிருந்து வாருங்கள். தொடர்ந்து தள்ளினால் இலையின் பாதி கையோடு வரும்.

நடு நரம்பை மேடாக விட்டு இரு பக்கமும் குடைவு உளியால் பள்ளம் எடுங்கள். ஓரிடத்தில் இலை மடிந்தது போலச் சற்று உயர்த்தியும் எதிர்ப்பக்கத்தைத் தாழ்த்தியும் விட்டால், தட்டையான பலகையில் உயிர் வந்துவிடும். பின்னணித் தளத்தை மழுமழுவென்று தேய்க்காமல் உளியின் தடங்களை வரிசையாக விட்டுவைப்பதையே நான் விரும்புவேன். அந்தத் தடங்களில் ஒளி பட்டுச் சிதறும்போது இலை தனித்துத் தெரியும், இயந்திரத்தில் செய்ததல்ல என்பதும் விளங்கும். அரும்பாவூர், கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களை நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், முகப்பைவிடப் பின்னணித் தளத்தை எப்படி முடித்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். முறையாகக் கற்க விரும்புகிறவர்களுக்கு மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது.

தேய்த்தலும் பூச்சும்

சமதளப் பகுதிகளுக்கு 80, 120, 180, 220 என்ற வரிசையில் உப்புத்தாள் போதும். இடையில் ஓர் எண்ணைத் தாண்டினால் முந்தைய கீறல் அப்படியே நிற்கும், பூச்சுக்குப் பின்தான் கண்ணில் படும். எப்போதும் இழையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். 220க்குப் பின் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் நுண்ணிழைகள் எழுந்து நிற்கும். அவற்றை மீண்டும் 220ஆல் மென்மையாக எடுத்துவிடுங்கள். என்-95 முகக்கவசம் இல்லாமல் எந்த மரத்தையும் தேய்க்கக் கூடாது.

கரண்டிக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது. கலப்பில்லாத உணவுத்தர எண்ணெயாக இருக்க வேண்டும். பெயின்ட் கடையில் காய்ச்சிய எண்ணெய் என்று விற்பதில் உலோக உப்புகள் சேர்ந்திருக்கும். மெல்லிதாகப் பூசி, கால்மணி நேரம் கழித்து மிகுதியைத் துடைத்து, சில நாட்கள் காயவிட்டு, மூன்று நான்கு முறை இதைச் செய்யுங்கள். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் முழுதாகக் காய்ந்து இறுகுவதில்லை. பிசுபிசுத்துச் சிக்கு வாடை வரும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவைத்தோ நீரில் நனைத்தோதான் அப்புறப்படுத்த வேண்டும்.

சுவர்ச் சிற்பத்துக்கு அரக்கு சேர்ந்த பிரெஞ்சு பாலிஷ் பொருத்தமானது. கடையில் கிடைப்பதை ஸ்பிரிட்டால் மேலும் நீர்க்கச் செய்து, மெல்லிய துணிப்பந்தால் பல பூச்சுகளாக ஏற்றி, கடைசியில் தேன்மெழுகு தேய்த்துத் துடைத்தால் அடக்கமான மினுமினுப்பு வரும். மழைக்காலத்தில் அரக்குப் பூச்சு வெண்படலம் பிடிக்கும் என்பதால் வெயில் உள்ள நாளில் பூசுங்கள். தேக்குக்கு வார்னிஷ் கொட்டிக் கண்ணாடிபோல் ஆக்குவது எனக்கு உவப்பில்லை. அது அவரவர் விருப்பம்.

ஏற்கெனவே உள்ள வெடிப்பை அதே மரத்தின் தூளையும் பசையையும் குழைத்து அடைக்கலாம் என்பார்கள். மயிரிழைக்கு அது சரி. அகன்ற வெடிப்பில் அது பெயர்ந்து விழும். அங்கே, இரு முனையும் விரிந்து இடை குறுகிய சிறு மரச்சாவியை வெடிப்புக்குக் குறுக்காகப் பதித்துப் பூட்டிவிட்டு, வெடிப்பைத் திறந்தபடியே விடுவது உறுதியும் அழகும் ஆகும்.

மாட்டுதல், விற்பனை

பலகையைச் சுவரோடு நான்கு மூலையிலும் இறுக்கித் திருகக் கூடாது. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் அகலவாக்கில் சற்று விரிந்து கோடையில் சுருங்கும், இறுக்கினால் பிளக்கும். மேலே ஒரே கொக்கி, பின்பக்கம் காற்றோட்டத்துக்கு இரண்டு சிறு கட்டைகள் போதும். கசியும் சுவரில் மாட்டினால் கறையான் வழி தேடி வந்துவிடும்.

விற்க எண்ணுகிறவர்கள் ஒவ்வொரு பொருளின் அடியிலும் மரத்தின் பெயர், அது கிடைத்த ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதி வையுங்கள். வாங்குகிறவர் கேட்பது அதைத்தான். மரம் முறையாக வந்தது என்பதற்கும் அது துணையாகும். விலை போடும்போது மரத்துக்குக் கொடுத்த தொகையோடு மில் கூலி, வண்டிக் கூலி, உப்புத்தாள், பூச்சு, உங்கள் வேலைநேரம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். உலர்த்தும்போது வெடித்து வீணான பலகைகளின் பங்கையும் சேர்த்தால்தான் கணக்கு சரிவரும். தொடர்ந்து செய்கிறவர்கள் ஒன்றிய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தால் அரசுக் கண்காட்சிகளில் கடை போட வழி பிறக்கும். தமிழக அரசின் கைவினைப் பொருள் விற்பனை நிறுவனமான பூம்புகாரையும் அணுகலாம். கரண்டி வாங்குகிறவரிடம் அதை நீரில் ஊறப்போட வேண்டாம், கழுவியதும் துடைத்து நிழலில் காயவைக்க வேண்டும், வெளிறத் தொடங்கினால் மீண்டும் ஆளிவிதை எண்ணெய் தடவ வேண்டும் என்று ஒரு சிறு தாளில் எழுதிக் கூடவே கொடுத்துவிடுங்கள்.